முழுசாப் போட்டாத்தான் சுவிட்சு

டிரான்சிஸ்டர்னு சொன்னா நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இன்னும் தோல் உறை போட்ட ரேடியோதான். வயலுக்குப் போறவர் தோள்ல மாட்டிக்கிட்டுப் போவாரே, அதே. உள்ளே இருந்த உருப்படியோட பேரு பெட்டிக்கே பேராகிப் போச்சு. 1947 டிசம்பர்ல அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டைனும் முதல் டிரான்சிஸ்டரை வேலை செய்ய வச்சாங்க. அடுத்த மாசமே அதே இடத்தில் இருந்த ஷாக்லி இன்னொரு மாதிரியை யோசிச்சு எழுதி வச்சார். நாம இன்னிக்குக் கடையில் வாங்குற பைபோலார் டிரான்சிஸ்டர் ஷாக்லி வம்சம். மூணு பேருக்கும் 1956ல நோபல் பரிசு. 1954ல வந்த ரீஜென்சி டி.ஆர்.1ங்கிற ரேடியோவில் இருந்தது மொத்தம் 4 டிரான்சிஸ்டர்.

ரேடியோவில் அதுக்கு வேலை, காத்துல வர்ற துக்கடா சிக்னலைப் பெரிசாக்குறது. இதே டிரான்சிஸ்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சும்மா ஆன், ஆஃப். சுவிட்சு வேலை. கேட்டா எளிசு மாதிரி இருக்கும். அதுலதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க.

பி.காம். படிச்சுட்டு பேங்குல குப்பை கொட்டுற எனக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. போன குளிர்காலத்துல எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தால கத்துக்க வேண்டி வந்தது. கத்துக்கிட்டதை எழுதி வச்சா, வெளியூர்ல அப்பா அம்மாவைக் கூட வச்சுக்கிட்டு இருக்கிற நாலு பேருக்குப் பயன்படும்.

அப்பாவுக்கு மாயவரம் பக்கம் கிராமம். பக்கவாதம் வந்த பிறகு டெல்லிக்கு எங்க கூடவே கூட்டிக்கிட்டு வந்துட்டோம். இடது பக்கம் விழுந்துபோச்சு. பேச்சு குழறும், சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது. வலது கைல விரல் அசையும், ஆனா சுவர் சுவிட்சை அழுத்துற பலம் இல்லை. பதினோராம் வகுப்பு படிக்கிற என் பொண்ணு தாத்தாவுக்காக ஒரு பெல் செஞ்சு கொடுத்தா. கட்டில் ஓரமா ஒரு தொடு பலகை. விரல் பட்டாப் போதும். அது ஒரு ஆர்டுயினோ போர்டுக்குச் சொல்லும். போர்டு ஒரு ரிலேயை இழுக்கும். ரிலே கூடத்துல இருக்கிற பெரிய பெல்லை அடிக்கும். தாத்தாவுக்குத் தெரியட்டும்னு ஒரு பச்சை எல்.இ.டி.யும் வச்சிருந்தா. தொட்டா பச்சை எரியும், பெல் அடிக்கும்.

தீபாவளி சமயத்துல மாட்டினது. ரெண்டு மாசம் அருமையா ஓடிச்சு. தினமும் சாயங்காலம் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பா. டிங் டாங். சரி.

ஜனவரியில் ஒரு விடிகாலை. டெல்லிக் குளிர் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம், வீட்டுக்குள்ளேயே பத்து பதினோரு டிகிரி. ஆறு மணிக்குத் தங்கமணி அப்பா ரூமுக்குப் போனா, படுக்கை முழுக்க ஈரம், ஆள் நடுங்கிக்கிட்டு இருக்கார். நாலு மணியிலிருந்து கூப்பிட்டிருக்கார். பல தடவை தொட்டிருக்கார். ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு எரிஞ்சிருக்கு. பெல் அடிக்கலை.

அவர் குழறிக் குழறிச் சொன்னது இதுதான்: "எரிஞ்சுது... வருவீங்கன்னு இருந்தேன்."

விளக்கு எரியுது, அப்போ பெல் அடிச்சிருக்கும்னுதான் அவர் நினைச்சிருப்பார். பிள்ளையும் மருமகளும் கேட்டும் எழுந்து வரலைன்னு ரெண்டு மணி நேரம் படுத்திருக்கார். அதுக்கு மேல அவரும் ஒண்ணும் சொல்லலை, நானும் கேட்கலை. பொண்ணு அன்னிக்கு ஸ்கூலுக்குப் போகும்போது யார்கிட்டயும் பேசலை.

சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தா பெல் ஒழுங்கா அடிக்குது! ஹீட்டர் போட்ட ரூம். இதுதான் வயித்துல புளியைக் கரைச்சது. செத்துப்போன பெல்லுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம். நாம பார்க்கும்போது அடிச்சுட்டு, அவர் கூப்பிடும்போது அடிக்காத பெல்லை என்ன செய்யறது?

கீழ்வீட்டு சர்தார்ஜி அங்கிள் ரேடியோ நிலையத்துல எஞ்சினியரா இருந்து ரிட்டையர் ஆனவர். போர்டை எடுத்துக்கிட்டுப் போனோம். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "பேட்டி, இதைப் பால்கனியில அரை மணி நேரம் வை"ன்னார். ராத்திரி எட்டு மணி, நல்ல குளிர். அரை மணி கழிச்சு அங்கேயே வச்சுத் தொட்டா, பச்சை எரியுது, ரிலே வாயைத் திறக்கலை. டிரான்சிஸ்டரை ரெண்டு விரலால சும்மா பிடிச்சுக்கிட்டார். கொஞ்ச நேரத்துல டக்னு ரிலே இழுத்துடுச்சு. விரல் சூடு பட்டா வேலை செய்யுது!

"சர்க்யூட் சரியாத்தான் இருக்கு. ரெஸிஸ்டர்லதான் கஞ்சத்தனம்"னார் சிரிச்சுக்கிட்டே. அவர் ஹிந்தியில் விளக்கினதை எனக்குப் புரிஞ்ச பாஷையில் சொல்றேன்.

இந்த வகை டிரான்சிஸ்டருக்கு மூணு கால். கலெக்டர், பேஸ், எமிட்டர். (கலெக்டர்னதும் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்தா நீங்களும் என் கட்சி :-)) பேஸ்ல ஒரு சின்னக் கரண்டு விட்டா, கலெக்டர் வழியா அதைப் போலப் பல மடங்கு கரண்டு ஓடும். அந்த மடங்குக்குப் பேரு பீட்டா. எங்க தொழில்ல பீட்டான்னா ஒரு பங்கு சந்தையைவிட எவ்வளவு ஆடும்ங்கிற கணக்கு. டிரான்சிஸ்டர் பீட்டாவும் ஆடுற ஆசாமிதான்னு அப்புறம் தெரிஞ்சது.

பொண்ணு போட்டிருந்தது பி.சி.547. கடையில் கேட்டா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் கொடுக்கிற சாதாரண டிரான்சிஸ்டர். ரிலே 5 வோல்ட், அதோட காயில் 70 ஓம். ஆக, முழுசா 5 வோல்ட்டும் காயிலுக்குக் கிடைச்சா 71 மில்லி ஆம்பியர் ஓடும். ஆர்டுயினோ காலிலிருந்து இவ்வளவு எடுக்கக் கூடாது, அதனாலதான் நடுவுல டிரான்சிஸ்டர். பேஸுக்கு 10 கிலோ ஓம் ரெஸிஸ்டர், ஏதோ வீடியோவில் பார்த்துப் போட்டது. 5 வோல்ட்ல பேஸே 0.7 எடுத்துக்கும். மீதி 4.3 வோல்ட்டை 10 கிலோ ஓமால வகுத்தா 0.43 மில்லி ஆம்பியர். பீட்டா 200னு வச்சா 86 மில்லி ஆம்பியர் வரணும். வேண்டியது 71தான். காகிதத்துல கணக்கு டேலி ஆயிடுச்சு.

ஆனா அந்த 200 யாரோட 200? பி.சி.547 குடும்பத்துக்குத் தயாரிப்பாளர் தர்ற தகவல் தாள்ல பீட்டா 110லேர்ந்து 800 வரைக்கும்னு இருக்கும். ஏ, பி, சின்னு பிரிச்சு வச்சிருக்காங்க. ஏ வகைன்னா 110லேர்ந்து 220. அதுவும் 2 மில்லி ஆம்பியர் ஓடும்போது அளந்தது. கரண்டு கூடக் கூட பீட்டா இறங்கும். குளிர்ல இன்னும் இறங்கும். ஒரே டப்பாவுல எடுத்த ரெண்டு டிரான்சிஸ்டருக்கு ஒரே பீட்டா இருக்கும்னு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

அங்கிள் மீட்டர் வச்சுப் பார்த்தார். சூடான ரூம்ல எங்க டிரான்சிஸ்டரோட பீட்டா சுமார் 130. காயிலுக்கு 56 மில்லி ஆம்பியர், அதாவது 3.9 வோல்ட். இந்த மாதிரி ரிலே 3.75 வோல்ட்டுக்குள்ள இழுத்துடணும்னு கணக்கு. நூலிழையில் பாஸ். பால்கனிக் குளிர்ல பீட்டா 118 ஆச்சு. 51 மில்லி ஆம்பியர். காயிலுக்குக் கிடைச்சது 3.4 வோல்ட். ஃபெயில். மீதி 1.6 வோல்ட் எங்கே? டிரான்சிஸ்டர் தலையில். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவுல உட்கார்ந்திருந்தது. பச்சை எல்.இ.டி.யை ஆர்டுயினோ நேரடியா எரிச்சதால அது மட்டும் பழுதில்லாம எரிஞ்சுது.

இந்த நிலையில் டிரான்சிஸ்டர் ஆனும் இல்லை, ஆஃபும் இல்லை. ரேடியோவில் பாட்டைப் பெரிசாக்குற அந்த நடுநிலையிலேயே நிக்குது. ஒரு சுவிட்சு நிக்கவே கூடாத இடம் அது.

பொண்ணு மறுநாள் தாத்தாவுக்கு இதை விளக்கினப்போ, எனக்கே அப்பத்தான் முழுசா விளங்கிச்சு. அவருக்குப் புரியுற மதகை வச்சுச் சொன்னா. "தாத்தா, ஆத்துலேர்ந்து வாய்க்காலுக்குத் தண்ணி விடுற மதகு இருக்கில்ல? பலகையைக் கொஞ்சம் தூக்கினா கொஞ்சம் தண்ணி. இன்னும் தூக்கினா இன்னும் தண்ணி. வாய்க்கால் கொள்ற அளவு வந்துட்டா, அதுக்கு மேல எவ்வளவு தூக்கினாலும் ஒரு சொட்டு கூட வராது. நம்ம பெல்லுல பலகையைச் சரியாத் தூக்கலை, அதான்." அப்பா தலையாட்டினார். நாப்பது வருஷம் மதகு பார்த்தவர்.

அந்த "எவ்வளவு தூக்கினாலும் கூட வராது"ங்கிற நிலைக்குத்தான் சாச்சுரேஷன்னு பேரு. தமிழ்ல நிறைவுநிலை. பேஸ் கரண்டை ஏத்திக்கிட்டே போங்க. முதல்ல கலெக்டர் கரண்டும் கூடவே ஏறும். எங்க காயில் கணக்குல 71 மில்லி ஆம்பியர் பக்கம் வந்ததும் நின்னுடும், ஏன்னா 5 வோல்ட்டும் 70 ஓமும் அதுக்கு மேல விடாது. இப்போ கரண்டு எவ்வளவுன்னு முடிவு பண்றது காயில், டிரான்சிஸ்டர் வழி விட்டு ஒதுங்கிடுது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.2 வோல்ட் மாதிரி ஏதோ பேருக்கு நிக்கும். பீட்டா 118ஆ 130ஆங்கிற கேள்வியே அடிபட்டுப் போயிடும். குளிரோ வெயிலோ, இந்த டப்பாவோ அந்த டப்பாவோ, ஒரே பதில்.

அதனால சுவிட்சா பயன்படுத்தும்போது பீட்டாவை நம்பிக் கணக்குப் போடறதில்லை. கலெக்டர் கரண்டுல பத்துல ஒரு பங்கு, குறைஞ்சது இருபதுல ஒரு பங்கு பேஸுக்குக் கொடுத்துடணும். பி.சி.547 தகவல் தாளே நிறைவுநிலை வோல்ட்டேஜைச் சொல்லும்போது 100 மில்லி ஆம்பியருக்கு 5 மில்லி ஆம்பியர் பேஸ் கரண்டு கொடுத்துத்தான் அளந்திருக்கும். எங்க 71ஐ 20ஆல வகுத்தா 3.5 மில்லி ஆம்பியர். 4.2 வோல்ட்டை 3.5ஆல வகுத்தா 1.2 கிலோ ஓம். கையில் இருந்தது 1 கிலோ ஓம், அதையே போட்டாச்சு.

10 கிலோ ஓமுக்குப் பட்டை பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 1 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மூணாவது பட்டை ஒண்ணுதான் வித்தியாசம். மாத்தின பிறகு அதே பால்கனியில், அதே குளிர்ல, தொட்ட உடனே டக். நடுவுல வோல்ட்டேஜ் 0.2. காயிலுக்கு 4.8.

இது பேங்குக்காரனுக்குப் புதுசு இல்லை. சரக்கு அடமானத்துல கடன் கொடுக்கும்போது, இன்னிக்கு மார்க்கெட் விலை இதுன்னு முழுசையும் கொடுத்துட மாட்டோம். மார்ஜின் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுப்போம். விலை இறங்கின நாள்லயும் கணக்கு நிக்கணும். பீட்டா 200னு வச்சு ரெஸிஸ்டர் போடறது, சீசன்ல நல்லா விக்கிற மாசத்தை வச்சுக் கடன் கொடுக்கிற மாதிரி. ஜனவரி வரும்.

பாதி ஆன் நிலையில் இன்னொரு தொல்லை, சூடு. டிரான்சிஸ்டருக்குள்ள வீணாகுற பவர்னா அது மேல நிக்கிற வோல்ட்டேஜையும் உள்ளே ஓடுற கரண்டையும் பெருக்கினது. முழு ஆஃப்ல கரண்டு இல்லை. முழு ஆன்ல வோல்ட்டேஜ் இல்லாத மாதிரிதான். ரெண்டுலயும் பெருக்கல் சின்னது. நடுவுல ரெண்டும் இருக்கும். 12 வோல்ட்ல 2 ஆம்பியர் இழுக்கிற 6 ஓம் ஹீட்டர் கம்பியை வச்சுப் பாருங்க. டிரான்சிஸ்டர் பாதியில் நின்னா அது மேல 6 வோல்ட், உள்ளே 1 ஆம்பியர், ஆக 6 வாட். அதே டிரான்சிஸ்டர் நிறைவுநிலையில் 0.2 வோல்ட்ல நின்னா 2 ஆம்பியருக்கு 0.4 வாட்தான். பாதிக் கரண்டு விட்டும் பதினஞ்சு மடங்கு சூடு! பாதி திறந்த மதகுப் பலகைதான் தண்ணி மோதி அதிரும், முழுசாத் தூக்கினது சும்மா நிக்கும்ங்கிறது அப்பா சொன்னது. எங்க பெல்லுல நல்லவேளையா எல்லாம் சின்னக் கரண்டு. 80 மில்லி வாட் இருந்தது 14 ஆச்சு.

அப்படின்னா பேஸுக்கு அள்ளிக் கொடுத்துட்டே போகலாமான்னா, அதுக்கும் வட்டி உண்டு. நிறைவுநிலையில் பேஸுக்குள்ள தேவைக்கு மேல மின்னூட்டம் சேர்ந்து கிடக்கும். ஆஃப் பண்ணும்போது அது வடியுற வரைக்கும் கலெக்டர் கரண்டு நிக்காது. ரொம்ப உயரத் தூக்கின மதகை இறக்க நேரம் ஆகுற மாதிரி. 2.என்.2222.ஏங்கிற டிரான்சிஸ்டர்ல இந்தத் தாமதம் அதிகபட்சம் 225 நானோ செகண்டுன்னு தகவல் தாள்ல இருக்கும். ரிலே நகரவே சில மில்லி செகண்டு ஆகும், அதனால நமக்குக் கவலை இல்லை. கம்ப்யூட்டர் செஞ்சவங்களுக்கு இது பெரிய தலைவலியா இருந்தது. பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே ஷாட்கி டையோடு ஒண்ணு வச்சு, மிச்சக் கரண்டை அந்தப் பக்கம் வடிச்சு, நிறைவுநிலைக்கு ஆழமாப் போக விடாமப் பிடிச்சாங்க. 74எஸ், 74எல்.எஸ். வரிசைச் சிப்புகளின் வேகத்துக்கு இதுதான் காரணம். 1976ல வந்த கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டர்ல இருந்த ஈ.சி.எல். சிப்புகள் நிறைவுநிலைக்கே போகாத மாதிரி அமைச்சவை.

காலேஜுல படிக்கிற பிள்ளைங்க வீட்டில் இருந்தா ஒரு எச்சரிக்கை. இன்னிக்கு செல்போன் சிப்புக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் மாஸ்ஃபெட்ங்கிற வேற ஜாதி டிரான்சிஸ்டர். அதுல சாச்சுரேஷன்னா சிக்னலைப் பெரிசாக்குற நிலை. பைபோலார்ல அதே வார்த்தை சுவிட்சு முழுசா ஆன் ஆன நிலை. ஒரே பேரு, நேரெதிர் அர்த்தம். பரீட்சையில் மாட்டிக்காதீங்க.

வீட்டில் யாராவது இந்த மாதிரி பெல்லோ, தண்ணித் தொட்டி அலாரமோ செஞ்சிருந்தா, ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆன்ல இருக்கும்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே வோல்ட்டேஜ் பாருங்க. 0.2, 0.3ன்னா நிம்மதி. ஒரு வோல்ட்டுக்கு மேல காட்டினா, இப்போ வேலை செஞ்சாலும் நம்பாதீங்க, பேஸ் ரெஸிஸ்டரைக் குறைச்சுப் போடுங்க. குறைக்கும்போது ஆர்டுயினோ கால் தாங்குமான்னும் பார்த்துக்கணும், 20 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கட்டும். ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழா ஒரு டையோடு இருக்கணும். இல்லைன்னா ஆஃப் பண்ற ஒவ்வொரு தடவையும் காயில் திருப்பி உதைக்கும், டிரான்சிஸ்டர் சீக்கிரம் போயிடும்.

இன்னொண்ணு எங்க அனுபவத்துல சேர்த்துக்கிட்டது. பொண்ணு இப்போ அந்தப் பச்சை எல்.இ.டி.யை ஆர்டுயினோவிலிருந்து எடுத்து, பெல்லுக்குக் கரண்டு போற அந்த ரிலேயோட பக்கத்துல, ரிலே இழுத்தாத்தான் எரியுற மாதிரி மாத்திட்டா. கூப்பிட்டது போய்ச் சேர்ந்தாத்தான் பச்சை. அது எரியலைன்னா கட்டில் கம்பியைத் தட்டுங்க தாத்தான்னு ஒரு ஸ்பூனும் கட்டி விட்டிருக்கா. ரெஸிஸ்டர் மாத்தின பிறகு மூணு நாள் விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து, ஹீட்டர் இல்லாத அந்தக் குளிர்ல தானே தொட்டுப் பார்த்தா. மூணாவது நாள் அப்பா, "அடிக்குதும்மா... போய்த் தூங்கு"ன்னார்.

சோதனை பண்றவங்க அந்த நேரத்துல பண்ணுங்க. நம்மளுக்கு வசதியான சாயங்காலத்துல எல்லா பெல்லும் அடிக்கும்.